ஐந்து கட்டக் கப்பும் ஆரஞ்சு நிற மூத்திரமும்

அன்று அந்தக் கண்ணாடி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். கிடங்கின் எச்.ஆர். மேலாளர் கிரிதரன், எங்கள் லேபின் பொறுப்பாளர் சம்பத் சார், அந்தக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் யேசுராஜ் அண்ணன், ரிசல்ட் பார்த்த டெக்னீஷியன் என்ற முறையில் நான்.

வராதவர், ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போட்டிருந்த டாக்டரம்மா. அவருடைய கையெழுத்து எங்கள் கம்ப்யூட்டரில் படமாகவே இருந்ததால் அவர் எங்கேயும் வர வேண்டிய தேவை இருக்கவில்லை. அறையில் இல்லாத இன்னொன்று, எதைப் பற்றிப் பேச நாங்கள் நால்வரும் கூடியிருந்தோமோ அந்த மூத்திரம். அதை முந்தின நாளே கொட்டிவிடச் சொல்லியிருந்தார் சம்பத் சார். ஃபிரிட்ஜில் இடமில்லையாம், வாடை வருகிறதாம். சாட்சியைக் கழுவி சிங்க்கில் விட்டாயிற்று, இனி விசாரிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தோம்.

இதை இப்போது எழுதவைத்தது திவ்யா. லேபில் எனக்கு ஜூனியராக இருந்த பெண். போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "அண்ணா, பூந்தமல்லி பக்கம் ஒரு ஃபிளாட் அசோசியேஷன். வாட்ச்மேன், டிரைவர், வீட்டு வேலைக்கு வர்றவங்க எல்லாருக்கும் போதை டெஸ்ட் எடுக்கணுமாம். நீங்க நிறைய கேம்ப் போயிருக்கீங்களே, எப்படி செய்யலாம்?" செய்யாமல் இருப்பது எப்படி என்று கேட்டிருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன்.

நான் அந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பத்து மூன்று வயதில் ஓய்வா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். இப்போது கொரட்டூரில் தண்ணீர் கேன் ஏஜென்சி வைத்திருக்கிறேன். மனிதர்களுக்குள் போவதை விற்கிறேன். வெளியே வருவதைப் பார்த்து அவர்களுடைய யோக்கியதையைச் சொல்லும் வேலையை விட்டுவிட்டேன்.

படித்தது லேப் டெக்னீஷியன் டிப்ளமோ. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு மேன், அம்மா அதே எஸ்டேட்டில் பேக்கிங். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான் என்பதால், அச்சடித்த எதையும் படிக்காமல் போட மனம் வராது. பஜ்ஜி மடித்த தாளைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பேன். அந்தக் கெட்ட பழக்கத்தால்தான் டெஸ்ட் கிட் டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளையும் பிரித்துப் படித்தேன். எங்கள் லேபில் அதைக் கோப்பைக்கு அடியில் விரிப்பார்கள்.

அந்த டெஸ்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

பிளாஸ்டிக் கப் ஒன்று. அதன் பக்கவாட்டில் ஐந்து கட்டங்கள். கஞ்சாவுக்கு ஒன்று, அபின் வகைக்கு ஒன்று, தூக்க மாத்திரை வகைக்கு ஒன்று, மற்ற இரண்டு நம் ஊர் சம்பளத்தில் யாரும் வாங்க முடியாத சரக்குக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் மேலே ஒரு கோடு விழும். அது கப் வேலை செய்கிறது என்பதற்கு. கீழே இரண்டாவது கோடு விழுந்தால் ஆள் சுத்தம். விழாமல் போனால் சந்தேகம். கவனியுங்கள், சந்தேகம் மட்டும்தான். அந்த வகை மருந்து இருக்கலாம், அல்லது அதைப் போலக் காட்டும் வேறு ஏதோ இருக்கலாம். எது என்று தெரிய வேண்டுமானால் அதே மூத்திரத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பி, மெஷினில் போட்டு உறுதி செய்ய வேண்டும். இதெல்லாம் அந்த எட்டு மடிப்புத் தாளில் முதல் பத்தியிலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது.

ஆள் இப்போது போதையில் இருக்கிறானா என்று கப் சொல்லாது. எப்போது எடுத்தான், எவ்வளவு எடுத்தான் என்றும் சொல்லாது. தினமும் கஞ்சா இழுத்துவிட்டு நிறுத்தியவன் வாரக்கணக்கில் மாட்டுவான். காலையில் குவார்ட்டர் ஏற்றிக்கொண்டு வந்தவன் ஐந்து கட்டத்திலும் பாஸ், ஏனென்றால் சாராயத்துக்கு அதில் கட்டமே கிடையாது. இங்கே பையன்கள் மெடிக்கலில் வாங்கி உடைத்துக் கரைக்கிற வலி மாத்திரைக்கும் கிடையாது. பஞ்சர் ஒட்டும் பசைக்கும் கிடையாது. ஊரில் எது ஓடுகிறதோ அதைப் பிடிக்காது, எது ஓடவில்லையோ அதற்கு இரண்டு கட்டம். இதற்குப் பெயர் போதையில்லாப் பணியிடம்.

செம்பரம்பாக்கம் ரோட்டில் இருந்த அந்தக் கிடங்கில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் ராக்கில் மோதி, ஷாம்பூ பெட்டிகள் சரிந்து தரையெல்லாம் நுரை. யாருக்கும் அடியில்லை. ஹெட் ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. கிரிதரன் அன்றே சம்பத் சாருக்கு போன் போட்டார்.

சம்பத் சார் முன்னாளில் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. அவர் அகராதியில் நோயாளி, கம்பெனி, டாக்டர் எல்லோரும் "பார்ட்டி". மூத்திரம், ரத்தம், சளி எல்லாம் "ஐயிட்டம்". நாளெல்லாம் ஸ்பிரிட் பஞ்சால் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பார்; பஞ்சை மட்டும் பாதியாகக் கிழித்துத்தான் எடுப்பார். முடியாது என்று வாடிக்கையாளரிடம் அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்களிடம் அதைத் தவிர வேறு சொல்லிக் கேட்டதில்லை.

கேம்ப் அன்று முறைப்படிதான் எல்லாம் செய்தேன். கழிவறைத் தண்ணீர்க் குழாயை மூடி டேப் ஒட்டினேன். ஃபிளஷ் தொட்டியில் நீலச் சாயம் கலந்தேன், யாரும் அதை மொண்டு கலக்காமலிருக்க. பை, ஜாக்கெட் எல்லாம் வெளியே. கை கழுவிவிட்டு உள்ளே போக வேண்டும். கப்பை வாங்கியதும் சூடு ஆறுவதற்குள் அதன் மேலுள்ள வெப்பப் பட்டையைப் பார்க்க வேண்டும். பாக்கெட்டில் பாட்டில் வைத்துக்கொண்டு வந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். கிரிதரன் எல்லாவற்றையும் போனில் படமெடுத்துக்கொண்டே வந்தார். முதல் கப் அவருடைய செக்யூரிட்டி ஒருவருடையது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"எல்லாத்துலயும் ரெண்டு கோடு வந்திருக்குதுங்களே. பாசிட்டிவ்ங்களா?"

"நெகட்டிவ் சார். ரெண்டு கோடு வந்தா சுத்தம்."

"என் ஒய்ஃப் பார்த்தப்ப ரெண்டு கோடுதானுங்களே பாசிட்டிவ்?"

"அது வேற டெஸ்ட் சார்."

"கோடு கோடுதானுங்களே."

பொறியியலும் நிர்வாகமும் படித்தவர். கோவைப் பக்கத்திலிருந்து வந்து போரூரில் ஃபிளாட் வாங்கியவர். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

வரிசையில் வந்தவர்களில் ஒருவர் என் மேல் சாய்ந்துவிடாமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயிலிருந்து வந்த நெடியில் எனக்கே தலை சுற்றியது. ஐந்து கட்டம், பத்துக் கோடு. "பாஸா அண்ணாத்தே?" என்று கேட்டார். பாஸ் என்றேன். "எனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஓட்டப் போனார். கிரிதரனிடம் சொன்னேன். "ரிப்போர்ட்ல நெகட்டிவ்தானுங்களே, நாம பர்சனலா போகக்கூடாது" என்றார்.

அப்புறம்தான் யேசுராஜ் அண்ணன் வந்தார். ஆவடிக்காரர். நாற்பதை ஒட்டிய வயது. சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டு, காலருக்குள் கைக்குட்டை மடித்து வைத்திருந்தார். அவர் நீட்டிய கப்பில் இருந்தது கேரட் ஜூஸ் நிறம்.

"அண்ணே, ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சத்து மாத்திர தம்பி."

"டாக்டர் குடுத்ததா? சீட்டு இருந்தா காட்டுங்க, குறிச்சிக்கிறேன். வெளிய யாருக்கும் தெரியாது."

அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார். "அதுல நிக்கிறவன்ல பாதிப் பேரு எங்க கோயில்காரன். கொஞ்சம் மெதுவா பேசு தம்பி."

நான்கு கட்டத்தில் இரண்டு கோடு. அபின் கட்டத்தில் ஒன்றுதான். இன்னொரு கப்பில் ஊற்றினேன். அதே. அந்த எட்டு மடிப்புத் தாளில், எந்தெந்த மருந்துகள் இந்தக் கப்பை ஏமாற்றும் என்று ஒரு பட்டியல் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கிற சிவப்பு மாத்திரையின் முக்கிய மருந்து அதில் இருந்தது. மூத்திரத்தை ஆரஞ்சு நிறமாக்குவதும் அதுதான். இதில் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. லேபில் ஆறு மாதம் இருந்தவர் யாருக்கும் தெரியும். சம்பத் சாருக்கும் தெரியும். அவர் மருந்துக் கம்பெனியில் இருந்தபோது அதைத்தான் விற்றார்.

"சார், இதைக் கன்ஃபர்மேஷனுக்கு அனுப்பணும்" என்றேன்.

"பார்ட்டி இன்னா கேட்டான்?"

"ஸ்க்ரீனிங் சார்."

"நாம இன்னா குடுத்தோம்?"

"ஸ்க்ரீனிங்."

"அப்போ முடிஞ்சிச்சி. கன்ஃபர்மேஷன் அவன் கேக்கல, நீ கேக்குற. நீ கட்டுவியா?"

"கலரைப் பாத்தா டி.பி. மாத்திரை மாதிரி இருக்கு சார்."

"கலரு பாத்து சொல்றதுக்கு நீ இன்னா சாயப்பட்டறையிலயா வேல செய்ற?"

ரிப்போர்ட்டில் "உறுதிப்படுத்தும் பரிசோதனை தேவை" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். "பார்ட்டி கொயம்பிடுவான்" என்று சொல்லி அதை அழித்தார். ஐயிட்டத்தையும் கொட்டச் சொன்னார். மறுநாள் கண்ணாடி அறை.

"பயப்படாதீங்க யேசுராஜ். இது என்கொயரி இல்லீங்க, ஒரு டிஸ்கஷன்" என்று ஆரம்பித்தார் கிரிதரன். என்கொயரி இல்லை என்று யாராவது சொன்னால் அது என்கொயரிதான். அபின் வகைப் போதைப்பொருள் என்ற வரியைச் சத்தமாகப் படித்தார். ஒத்துக்கொண்டால் கம்பெனி செலவிலேயே மறுவாழ்வு மையம், திரும்பி வந்தால் வேலை. ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்றோடு கணக்கு முடிப்பு.

நான் வாயைத் திறந்தேன். "சார், இந்தக் கட்டத்துல கோடு மறையறதுக்குப் போதை தவிர வேற காரணமும் இருக்கலாம். சில சிகிச்சை மருந்துங்க..."

"இவரு ஏதாவது சிகிச்சையில இருக்கிறாருங்களா?"

எல்லோரும் யேசுராஜ் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. வேண்டாம் என்று கெஞ்சுகிற பார்வை அது. கைக்குட்டையைக் காலருக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"எனுக்கு எந்த சீக்கும் இல்ல சார். மாத்திரதான் போட்டேன். இடுப்பு வலிக்குப் போட ஆரம்பிச்சி, பழகிச்சி."

சம்பத் சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தன்னுடைய லேபின் துல்லியம் நிரூபணமானதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. கிரிதரன் தண்ணீர் பாட்டிலை யேசுராஜ் அண்ணன் பக்கம் நகர்த்தி, "உண்மையைச் சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணுமுங்க" என்றார்.

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அண்ணன் எனக்காக நின்றிருந்தார்.

"ஏன் அண்ணே அப்படி சொன்னீங்க?"

"தங்கச்சிக்குக் கல்யாணம் தம்பி. ரெண்டு ஓல படிச்சாச்சி."

அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை வாசிப்பார்கள். யாருக்காவது தடை தெரிந்தால் சொல்ல வேண்டும். அதைத்தான் ஓலை என்றார். மூன்றாவது வருகிற ஞாயிறு.

"போதைன்னு தெரிஞ்சா மட்டும் கல்யாணம் நிக்காதா?"

"போத இல்லாத ஊடு எது, நீயே சொல்லு. மாப்ள ஊட்லயே ரெண்டு பேரு அப்டித்தான் கீறாங்க. ஃபாதரே திருந்திடுவான்னு ஜெபம் பண்ணுவாரு. டி.பி.ன்னு வை, பொண்ணுக்கும் இருக்கும்பாங்க. கேண்டீன்ல என் தட்டத் தனியா கவுத்து வெப்பாங்க."

அவருக்கு இருந்தது நுரையீரலில் இல்லை. கழுத்து நெறிக்கட்டியில் வந்த காசநோய். இருமினாலும் தும்மினாலும் யாருக்கும் ஒட்டாது. அரசு ஆஸ்பத்திரியில் சொல்லியே அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் கேண்டீனில் தட்டு கழுவுகிறவருக்கு யார் போய்ச் சொல்வது?

"மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க அண்ணே. பாதியில விட்டா திரும்ப வரும். அப்புறம் இதே மாத்திரை கேக்காமப் போயிடலாம்."

"அத்த உடுவனா" என்றார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மேடு தெரிந்தது.

மறுவாழ்வு மையம் திருநின்றவூரில், ஏரியைத் தாண்டி, பிளாட் போட்ட வெளியில் ஒற்றை மாடி வீடு. நடத்தியவர் முன்பு ஜிம் வைத்திருந்தவர். வாழ்க்கை வழிகாட்டி என்று சட்டையிலேயே தைத்துப் போட்டிருந்தார். காலையில் ஓட்டம், மதியம் மன்னிப்புக் கடிதம் எழுதுதல், மாலையில் கை தட்டுதல். மருந்து என்று ஒன்றும் கிடையாது. எந்த மாத்திரையும் உள்ளே வரக்கூடாது என்பது அவர்களுடைய பெரிய கொள்கை, சுவரில் எழுதியிருந்தார்கள். என் வீடும் திருநின்றவூர் என்பதால் வாராவாரம் கப் எடுத்துக்கொண்டு போகிற வேலை என் தலையில் விழுந்தது.

முதல் வாரம் அதே ஆரஞ்சு. அதே ஒற்றைக் கோடு. எனக்கு உள்ளூர நிம்மதி. எப்படியோ மாத்திரை சாப்பிடுகிறார். வழிகாட்டிக்குத்தான் முகம் தொங்கிப்போனது. நான் கிளம்பின பிறகு படுக்கையெல்லாம் புரட்டியிருக்கிறார்கள். அண்ணன் மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து, அரசு ஆஸ்பத்திரி என்று யாருக்கும் தெரியாதபடி துணியில் முடிந்து தலையணைக்குள் வைத்திருந்தார். மறைத்த மாத்திரை வேறு எதுவாக இருக்க முடியும்? மொத்தத்தையும் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள்.

எனக்கு அது அடுத்த வாரம்தான் தெரிந்தது. கப்பை வாங்கினேன். தெளிந்த இளமஞ்சள். ஐந்து கட்டத்திலும் இரண்டு கோடு, பளிச்சென்று.

"வந்துச்சி பாருங்க கோடு" என்று கத்தினார் வழிகாட்டி. உள்ளே இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கை தட்டச் சொன்னார். அண்ணனுக்கு ஒரு மாலை, போட்டோ. கிரிதரனுக்கு அனுப்பியதும் அவரிடமிருந்து கட்டைவிரலும் கும்பிடும் வந்தன. நடுவில் நின்று அண்ணனும் கை தட்டிக்கொண்டிருந்தார். என் வேலைக்காலத்தில் நெகட்டிவ் ரிசல்ட்டைப் பார்த்து நான் பயந்தது அந்த ஒருமுறைதான். நோய் மருந்து உடம்பில் இல்லை என்பதைத்தான் அந்த வீடே கொண்டாடிக்கொண்டிருந்தது.

இன்னொரு சாம்பிள் வேண்டும் என்று சொல்லி அவரைக் கழிவறைப் பக்கம் கூட்டிப்போனேன்.

"அண்ணே, மாத்திர எங்க?"

"செப்டிக் டேங்க்ல கீது."

"எப்போ?"

"நீ போன வாரம் வந்துட்டுப் போனல்ல, அன்னிக்கே."

"டி.பி. மாத்திரைன்னு சொல்ல வேண்டியதுதானே."

"ஒரே ரூம்ல அத்தினி பேரும் பட்துகினு கீறோம். சொன்னா என்ன மொட்ட மாடில பட்க்க சொல்லுவான். கல்யாணம் முடியட்டும் தம்பி. கொஞ்ச நாளு."

அந்தக் கொஞ்ச நாளில் என்ன நடக்கும் என்று மறுபடியும் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே, "தங்கச்சிக்கிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார்.

வெளியே வந்து டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். அதுவரை அவரிடம் நான் பேசியதே இல்லை. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டார்.

"காலேஜ்லயே படிச்சதுப்பா இது. ஆரஞ்சு கலர்ல வந்திருக்குமே."

"நீங்க கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் மேடம்."

"கலரை எனக்கு யாரும் எழுதலையே."

"அந்த ஃபார்ம்ல கலருக்குக் கட்டம் இல்ல மேடம்."

"அப்போ ஃபார்மை மாத்தச் சொல்லுங்க" என்றார். ஒரு நொடி கழித்து, "அந்த ஆளை உடனே டி.பி. யூனிட்டுக்கு அனுப்புங்க. லேட் பண்ணக்கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டார். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. என்னதான் கட்டம் கட்டித் தேடினாலும் தெரியாதவர் ஒருவர்கூட அகப்படவில்லை.

அனுப்புங்கள் என்றால், யார் அனுப்புவது? உள்ளே போய் நான் சொன்னால் நோயாளியின் ரகசியத்தை வெளியிட்டவன் ஆவேன். சொல்லாவிட்டால் அவர் கழுத்து. கேட்டில் நின்று இதையே உழப்பிக்கொண்டிருந்தபோது ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெண் டிபன் கேரியரோடு இறங்கினார். என் சட்டையில் இருந்த லேப் பெயரைப் படித்தார்.

"நீங்கதான் டெஸ்ட் எடுக்கிறவரா? நான் யேசுராஜ் தங்கச்சி, ஸ்டெல்லா. அவுரு மாத்திர ஒய்ங்கா போட்றாரா?"

"எந்த மாத்திர?"

"நடிக்காதீங்க. எங்க ஊட்ல ஒரே கக்கூசு. மூணு மாசமா ஆரஞ்சு கலரா கீது, எனுக்குத் தெரியாதா?"

அவரே தொடர்ந்தார். "மாத்திர அடிக்கிறாருன்னு கம்பெனில சொன்னாங்க. ஊசியப் பாத்தாலே மயங்கி வியற ஆளு அது. சரி, ஞாயித்துக்கெயம அடிக்கிற பீராவது நிக்கட்டுமேன்னு உட்டுட்டேன்."

"கல்யாணம் நின்னுடும்னு பயந்துதான் அண்ணன்..."

"மொத ஓல படிக்கறதுக்கு முன்னாடியே மாப்ளகிட்ட நான் சொல்லிட்டேன். அவுங்க அம்மாவே இதே மாத்திர தின்னு முட்சவங்க. இந்த லூசு யாரக் கேட்டுச்சி?"

இனி காப்பாற்ற ரகசியம் எதுவும் பாக்கி இல்லை. "மாத்திரையைப் புடுங்கிக் கொட்டிட்டாங்க. ஒரு வாரம் ஆச்சு" என்றேன்.

டிபன் கேரியரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். வழிகாட்டி மேசை மேல் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஸ்டேட்மென்ட் இருக்கும்மா. அவரே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்கார்" என்றார்.

"ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் ரூமு கண்ணாடி ஒடஞ்சப்பகூட இவன்தான் ஒத்துக்கினான். ஒடச்சது நானு."

அண்ணன் மாலையோடு வந்து நின்றார். தங்கச்சி அந்த மாலையைக் கழற்றி மேசையில் வைத்து, சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து, எல்லோர் முன்னாலும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "வலிக்குதா?" என்று கேட்டார். அண்ணன் "கொஞ்சம்" என்றார். அவ்வளவுதான். மூன்று பேரும் அதே ஷேர் ஆட்டோவில் ஆவடிக்குப் போனோம். மாப்பிள்ளைக்கு முன்பே தெரியும் என்று வழியில் தங்கச்சி சொன்னதும் அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாப்ளைக்கு இன்னான்னு சொன்ன?" தங்கச்சி டிபன் கேரியரைத் திறந்து அவர் மடியில் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் திட்டிவிட்டு, மறுபடி சோதித்து, மருந்தைத் தொடங்கினார்கள். விட்ட நாட்களுக்கும் சேர்த்துச் சிகிச்சை நீண்டது. மருந்து கேட்டது, அதுவரைக்கும் அதிர்ஷ்டம். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாத்திரை போட்டதும் வயிறு புரட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கிரிதரனிடமிருந்து கடிதம் வந்தது. வேலை நீக்கம். காரணம் என்று போட்டிருந்ததை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன்: சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியமை.

ஸ்டெல்லா அதை எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். எங்கள் எல்லோரையும் வரவழைத்து அதிகாரி கேட்ட முதல் கேள்வி, அந்த மூத்திரம் எங்கே என்பது. கிரிதரன் சம்பத் சாரைப் பார்த்தார். சம்பத் சார் என்னைப் பார்த்தார். "டெக்னீஷியன் மிஸ்டேக்கு சார்" என்றார். உறுதிப்படுத்தச் சொல்லி நான் சேர்த்த வரியும், அது எப்போது அழிக்கப்பட்டது என்பதும் கம்ப்யூட்டரில் இருப்பதாகச் சொன்னேன். அன்றோடு எனக்கும் லேபுக்கும் இருந்த உறவு முடிந்தது. பிரிவுபசாரம் எதுவும் இல்லை. ஐ.டி. கார்டைச் சம்பத் சார் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன். அதைக்கூட ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத்தான் உள்ளே வைத்தார்.

கம்பெனி வழக்குக்குப் போகாமல் பேசி முடித்தது. அண்ணன் அங்கே திரும்பப் போகவில்லை. இப்போது வேறு இடத்தில் வண்டி ஓட்டுகிறார். அங்கேயும் சேரும்போது கப் நீட்டியிருக்கிறார்கள். "அஞ்சிலயும் ரெண்டு கோடு தம்பி" என்று எனக்கு போன் செய்தார். குரலில் பெருமை இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். அந்தக் கப்பை அவரே இன்னும் நம்புகிறார்.

திவ்யாவுக்கு இதைத்தான் அனுப்பப் போகிறேன். அசோசியேஷன்காரர்கள் படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் செலவு என்று ஒன்றைப் போட்டால் எட்டிப் பார்ப்பார்கள், அதனால் அதையும் எழுதிவிடுகிறேன். அன்று அந்த ஒரு சாம்பிளைப் பெரிய லேபுக்கு அனுப்பியிருந்தால் மூவாயிரத்து இருநூறு ரூபாய். அதை மிச்சம் பிடித்தார்கள். மறுவாழ்வு மையத்துக்குக் கட்டியது, வக்கீலுக்கு, சம்பளப் பாக்கி, நஷ்ட ஈடு எல்லாம் சேர்த்துக் கடைசியில் அவர்கள் எடுத்துவைத்த தொகை கம்பெனிக் கணக்கில் தொழிலாளர் நலன் என்ற தலைப்பின் கீழ் ஏறியதாகக் கேள்விப்பட்டேன்: நான்கு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்.